லூக்காஸின் பெயரைப் பெட்டியில் போட்டவள் நான்தான்

ஒரு மனிதனுடைய கால் முறிய வேண்டும் என்று நான் மாதக்கணக்காக மன்றாடினேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தும் அதைத்தான் கேட்டேன். சபைக்கு முன்னால் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல எழும்பி நின்றுவிட்டேன், இனி உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் ரஞ்சி. இங்கே பீலெஃபெல்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவர் நெஸ்டர் பிலிப்பைன்ஸ்காரர். கப்பலில் சமையல்காரராக இருந்து ஹம்பேர்க்கில் கரையேறியவர். எங்களுக்கு ஒரே மகன், ஏட்ரியன். தகப்பனின் நாட்டுக் கடவுச்சீட்டோடு ஜேர்மனியில் உதைபந்தாட்டத்தைத் தொழிலாக ஆடுகிறவன். இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள மூன்றாம் பிரிவுக் கழகம். கழகத்தின் பெயர் வேண்டாம். இடது பக்கப் பின்வரிசை அவனுடைய இடம். பிலிப்பைன்ஸ் தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அவனுடைய ஆட்டத்தைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்தக் கிழமையில்தான் எங்கள் வீட்டில் இடி விழுந்தது.

போன வருடம் ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு லீவு. மட்டன் ரோல்ஸ் போட்டு எடுத்துக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போய் வேலியோடு நின்றேன். அதே அணியில் லூக்காஸ் என்று ஒரு ஜேர்மன் பெடியன். அவனும் இடது பின்வரிசைதான். என் மகன் இருக்கும்வரை அவன் திடலுக்கு வெளியே வாங்கில் குந்தியிருக்க வேண்டியதுதான். ஏட்ரியன் பந்தைத் தட்டிவிட்டான். பந்து போய்விட்டது. போன பிறகுதான் லூக்காஸ் சறுக்கிக்கொண்டு வந்து என் மகனுடைய முழங்காலில் மோதினான். நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். வேலியைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த அத்தனை தூஷணத்தையும் கத்தினேன். தமிழில் கத்தியதால் அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

முழங்கால் நார் அறுந்துவிட்டது. ஒன்பது மாதம் ஆட முடியாது என்றார் வைத்தியர். அவனுடைய ஒப்பந்தமோ யூன் மாதத்தோடு முடிகிறது. ஒன்பது மாதமாக ஆடாத, முழங்காலில் கத்தி வைத்த இருபத்தாறு வயதுக்காரனை எந்தக் கழகம் எடுக்கும்? அந்தக் கேள்விதான் எங்கள் வீட்டுக்குள் வந்து குந்தியது. கழகத்தில் எல்லாரும் தற்செயல் என்றார்கள். பெற்ற பிள்ளையும் அதையே சொன்னான்.

“அம்மா, விடுங்கோ. விளையாட்டில இப்பிடி நடக்கிறதுதான்.”

“பந்து போயிட்டுதடா! நான் பாத்தனான்.”

“நீங்கள் தூரத்தில நிண்டனீங்கள்.”

நெஸ்டரிடம் போனால் அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, “ரஞ்சி, போதும்” என்பார். அவருக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் அது இரண்டு. லூக்காஸ் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. ஒரு போன்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமையே என் மகனுடைய இடத்தில் நின்று ஆடினான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

நம்முடைய ஜெபப் பெட்டியின் ஒழுங்கை வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். யாருக்கு ஜெபம் வேண்டுமோ அவருடைய பெயரை மட்டும் துண்டில் எழுதிப் போட வேண்டும். காரணம் எழுதக் கூடாது. எழுதினால் ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் குடிப்பதற்குள் கதை டோர்ட்மண்ட் வரைக்கும் போய்விடும் என்று போதகர் வைத்த ஒழுங்கு அது. பட்டியலை வைத்திருக்கிற சுகந்தி அக்கா ஒவ்வொரு பெயராக வாசிப்பார். எல்லாரும் எழும்பி நின்று அந்த ஆளை ஆசீர்வதிக்கச் சொல்லிக் கேட்போம். யாராவது வந்து சாட்சி சொல்லும்வரை அந்தப் பெயர் பட்டியலிலேயே இருக்கும்.

நான் ‘லூக்காஸ்’ என்று எழுதினேன். எதற்கென்று ஆண்டவருக்குத் தெரியும், மற்ற ஆட்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். “அவன்ர காலை முறியும்” என்று சொல்லிச் சொல்லித்தான் துண்டை மடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் எழும்பி நின்றீர்கள். சுகந்தி அக்கா கண்ணீரோடு, “இந்தப் பிள்ளை ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது, ஆண்டவரே. அவன்ர கையையும் காலையும் காத்துக்கொள்ளும்” என்றார். காலை! நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் பங்கைக் கேட்டேன். ஒரு பக்கம் எழுபது வாய். மற்றப் பக்கம் நான் ஒருத்தி.

அடுத்த ஆட்டத்தில் லூக்காஸ் கோல் போட்டான். பின்வரிசையில் நிற்கிறவன், அந்தக் கழகத்துக்கு வந்து ஒரு கோலும் போடாதவன். இரண்டு கிழமை கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. பேப்பரில் படம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து உருளைக்கிழங்குத் தோலைச் சுற்றி எறிந்தேன். பிறகு சுகந்தி அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, அந்த லூக்காஸ் எண்ட பேரை எடுத்துவிடுங்கோ.”

“ஏன், நீரோ போட்டனீர்?”

“இல்லை, தெரிஞ்ச ஆக்கள்.”

“சாட்சி சொல்லாமல் எடுக்கேலாது, ரஞ்சி. பெடியனுக்கு இப்ப சுகமோ?”

“அவனுக்கு என்ன கேடு! கல்லுமாதிரி இருக்கிறான்.”

“அப்ப வந்து சாட்சி சொல்லச் சொல்லும்.”

தேவனுடைய வீட்டில் நின்று பொய் சொன்னேன். அதையும் இன்றைக்கு அறிக்கை செய்கிறேன்.

நவம்பரில் ஒரு நாள் வேலையால் வந்தபோது ஏட்ரியன் படிக்கட்டில் குந்தியிருந்தான். பிடரியைத் தடவினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அம்மா, நான் ஒரு அவுஸ்பில்டுங் பாக்கப் போறன். கட்டில்ல கிடந்து யோசிச்சுப் பாத்தன். இனி என்னால ஏலாது.”

ஐந்து வயதில் பந்தோடு படுத்த பிள்ளை, இனி வேறு தொழில் பழகப் போகிறேன் என்கிறான். அன்றைக்கு என் ஜெபம் மாறியது. “ஆண்டவரே, அவன்ர கால் முறியாட்டியும் பரவாயில்லை. என்ர பிள்ளையின்ர வழியில இருந்து அவனைத் தூக்கி எறியும். எங்கயாவது எறியும்.”

ஜனவரி மாதக் கடைசியில் எறிந்தார். மேலே எறிந்தார். இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று லூக்காஸை வாங்கிக்கொண்டு போனது. எதற்காக? நீங்கள் ஜெபித்துப் போட வைத்த அந்தக் கோல்களுக்காக. செய்தி கேட்டதும் வேதப் புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் வைத்தேன். இரண்டு நாள் ஆண்டவரோடு பேசவில்லை. இதுவோ நான் கேட்டது?

மூன்றாம் நாள் கழகத்திலிருந்து ஏட்ரியனைக் கூப்பிட்டார்கள். இடது பின்வரிசைக்கு ஆள் இல்லை. ஆள் வாங்கும் காலமும் முடிந்துவிட்டது. அணியில் நின்ற ஒருவனை அந்த இடத்தில் விட்டுச் சமாளிக்கிறோம், நீ மே மாதம் வந்து சேர் என்று இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கினார்கள். மகன் வீட்டுக்கு வந்து கடதாசியைக் காட்டினான். அலுமாரியைத் திறந்து, குசினி நிலத்திலேயே முழங்காலில் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை கதவு மணி அடித்தது. திறந்தால் லூக்காஸ், கையில் பூங்கொத்து. வேலியடியில் கத்திய அம்மா நான்தான் என்று அவனுக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே வந்து இருக்காமலே என் மகனைப் பார்த்துச் சொன்னான். “பந்து எட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வந்தேன். என் ஒப்பந்தமும் யூனில் முடிய இருந்தது. இதைச் சொல்லாமல் ஊரை விட்டுப் போக முடியவில்லை.”

ஏட்ரியன் தன் முழங்காலைத் தடவினான். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள் சொன்னது சரி, அம்மா” என்றான். அதைக் கேட்கத்தான் நான் ஆறு மாதமாக எரிந்திருக்கிறேன்.

நான் குசினிக்குப் போய் ரோல்ஸுக்குக் குழைத்த கறிக்குள் பச்சைமிளகாயை இரட்டிப்பாக வெட்டிப் போட்டேன். பொரித்துச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தேன். மூன்று தின்றான். கண்ணாலும் மூக்காலும் ஓட ஓட, நல்ல ருசி என்று சொல்லிச் சொல்லித் தின்றான். மிளகாய்க்கு அழுதானோ மனச்சாட்சிக்கு அழுதானோ தெரியாது. எனக்கு எதுவானாலும் போதும்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். முழுக்க மன்னித்தேன் என்றால் இன்னொரு பொய். கால் முறிய வேண்டும் என்ற ஆசை போய்விட்டது. ஒருக்கால் விழுந்து முழங்கால் உரஞ்சுப்பட்டால் பரவாயில்லை என்ற அளவில் வந்து நிற்கிறேன். அதுவும் ஆண்டவர் செய்த வேலைதான். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று தெரியும்.

மே மாதம் ஏட்ரியன் திரும்ப ஆடினான். இந்தச் செப்டெம்பரில் பிலிப்பைன்ஸ் அணியில் கூப்பிட்டார்கள். அந்த அணியின் உடுப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நெஸ்டர் அழுத அழுகை! “போதும், போதும்” என்று இந்த முறை நான் சொன்னேன்.

அருமையான சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் வயிறு எரிகிற ஒரு பெயர் இருக்கும். அதை வீட்டுக்குள் வைத்துக் கருகாதீர்கள். கொண்டுவந்து பெட்டியில் போடுங்கள். கோபத்தோடு போட்டாலும் பரவாயில்லை, ஆண்டவர் வாங்கிக்கொள்வார். நீங்கள் கேட்டபடி செய்வார் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் நினைத்து ஏமாந்தேன். அந்த ஏமாற்றத்தில்தான் என் பிள்ளை இன்றைக்குப் பிழைத்து நிற்கிறான்.

சுகந்தி அக்கா, சாட்சி சொல்லிப்போட்டன். பேனையை எடுங்கோ. லூக்காஸின்ர பேரை இண்டைக்கே வெட்டிவிடுங்கோ. வாற சனிக்கிழமை அவன்ர புதுக் கழகமும் என்ர மகன்ர கழகமும் ஒரு நட்பு ஆட்டம் ஆடுகினம். எழுபது பேரும் அவனுக்காக ஜெபத்தில நிண்டால் நாங்கள் வெல்லேலாது. ஆட்டம் முடிஞ்சாப் பிறகு திரும்ப எழுதுவம், அக்கா. நானே எழுதிக் கொண்டுவாறன்.