எனக்குப் படிக்கத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை

என் அத்தை மகளை எனக்குப் பிடிக்காது. அவள் ஓசூரில் இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாவது படித்தாள். நான் பாகலூர் அரசுப் பள்ளியில் ஆறாவது. லீவுக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா முதல் தோசையை அவள் தட்டில்தான் போடுவாள். இதற்குமேல் என்ன வேண்டும்?

அந்த வருடம் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகும்போது முந்தானையால் மூடிக்கொள்வாள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனியில் கன்னடமும் தெலுங்கும் வெளுத்துவாங்குகிறவர், இங்கிலீஷைக் கண்டால் மட்டும் அடங்கிவிடுவார். அத்தை மகள்தான் வாங்கிப் படித்தாள்.

"பினைன் மாதிரி தெரியுதுன்னு போட்டிருக்கு மாமா. அப்படின்னா சாதா கட்டி. பயப்பட வேணாம்."

அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்து விரல்களைச் சொடுக்கினாள். "டாக்டராட்டமே சொல்றா பாரு!"

எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த படங்களிலிருந்து டியூமர், சிஸ்ட், பயாப்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். மருந்துக்கடை அக்கா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அர்த்தம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாசித்தால்தானே பாராட்டு.

கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் ஒரு சனிக்கிழமை கைக்கு வந்தது. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். அத்தை மகள் பாதிவரை படித்து நின்றாள்.

"கட்டிய முழுசா எடுத்தாச்சாம் மாமா. இந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் படிக்க வரல. டாக்டரே சொல்லட்டும்."

நான் காகிதத்தைப் பிடுங்கினேன். "மேலிக்னன்ட்!" கணீரென்று வாசித்தேன். "இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"அப்படின்னா என்ன கண்ணு?" என்றார் அப்பா.

"பெரிய இங்கிலீஷ் வார்த்தைப்பா."

கழுத்துக் கட்டு அசையாமல் அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அவளுக்கே வராதத எம்பொண்ணு படிச்சிட்டா பாருங்க!"

அந்த வார்த்தைக்குப் புற்றுநோய்க் கட்டி என்று அர்த்தம் எனத் திங்கட்கிழமை டாக்டர் விளக்கினார். பிறகு இன்னொரு ஆபரேஷன், பெங்களூருக்கு மாதக்கணக்கில் அலைச்சல், இன்றுவரை தினமும் காலையில் ஒரு மாத்திரை. அம்மா பிழைத்துக்கொண்டாள். அந்தச் சனியும் ஞாயிறும் அவள் நிம்மதியாகத் தூங்கியதை மட்டும் அப்பா இப்போதும் சொல்வார்.

ரிப்போர்ட் வந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அத்தை மகள் பின்பக்கக் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். விடாமல் பின்னாலேயே போனேன்.

"ஒம்பதாவது படிக்கிற, உனக்கு வரல. எனக்கு வந்துச்சுல்ல?"

அவள் நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஆமாடி, நீதான் கெட்டிக்காரி. திங்கக்கிழமை வரைக்கும் அந்த வார்த்தைய யார்கிட்டயும் சொல்லாத, சரியா?"

கடைசியில் அவளுக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமுன் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.