ஆனந்தராசா சொன்ன ஆங்கிலப் படம்

1951இல் திருகோணமலைக் கொட்டகை ஒன்றில் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் கதை சொல்லும் வேலை ஆனந்தராசாவுடையது. திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்பார். படத்தின் சத்தத்தைக் குறைப்பார்கள். வெள்ளைக்காரருக்கெல்லாம் இவர்தான் வாய். அருமையான குரல். குரலில் இருந்த ஈரம் மனதில் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் ஒரு காதல் படம் வந்தது. லண்டன் பத்திரிகைகளே கிழித்துத் தொங்கவிட்ட படமாம். ஒரு டாக்டரின் மனைவி, ஒரு கப்பல் அதிகாரி. இரண்டு மணி நேரமும் யன்னலடியில் நின்று பெருமூச்சு விட்டார்கள். துறைமுகத்து இங்கிலீஷ் மாலுமிகளே பாதியில் எழுந்து போனார்கள். நாங்கள் கூச்சல் போட்டோம்.

முதலாளி ஸைனுலாப்தீன் ஆனந்தராசாவைக் கூப்பிட்டு, "நாளைக்கும் சனம் எழும்பிப் போனால் நீங்களும் போகவேண்டியதுதான்" என்றார்.

மறுநாள் ஆனந்தராசாவின் மனைவி குணேஸ்வரியும் பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். நாயகி யன்னலடிக்கு வந்ததும் மைக்கில் புதுக் கதை ஒன்று தொடங்கியது.

"சொல்லாமல் போயிட்டீங்கள். நான் மூண்டு மாதம் லாஞ்சித் துறையில நிண்டனான். உங்கட கடிதத்தை எரிக்க ஏலாமல் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சனான்."

வெள்ளைக்காரி வீட்டில் ஏது அரிசிப் பானை என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகை அப்படியே அடங்கிவிட்டது. ஒருத்தி மட்டும் வாய்விட்டு அழுதாள். திரும்பிப் பார்த்தோம். குணேஸ்வரி.

கட்டைபறிச்சானில் படிப்பித்த ஒரு வாத்தியாரை அவள் முன்பு விரும்பியிருந்தாள். கல்யாணமான புதிதில், நம்பி, புருஷனிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தாள். லாஞ்சிப் படகு வந்துபோகும் துறையில் அவள் நின்றதைக் கண்டவர்கள் ஊரில் இருந்தார்கள். அழுகையையும் கதையையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? விடிந்ததும் குழாயடியில் நல்லம்மா கேட்டாள்: "குணேசு, பானையில இன்னும் கடிதம் கிடக்கோ?" பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மத்தியானம் குணேஸ்வரி பெட்டியைக் கட்டினாள். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் உம்மட பேரைச் சொல்லேல்லையே" என்றார் ஆனந்தராசா.

"அவர் என்னை விட்டிட்டுத்தான் போனவர்" என்றாள். "நீங்கள் என்னை வித்துப்போட்டியள்."

கிளிவெட்டியில் இருந்த தாய்வீட்டுக்கு லாஞ்சி ஏற அவள் தனியாகவே புறப்பட்டாள். துறை வரைக்கும்கூட அவர் போகவில்லை. காட்சிக்கு நேரமாகியிருந்தது.

அன்று மாலை கொட்டகையில் நிற்க இடமில்லை. நாயகி யன்னலைச் சாத்திவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். ஆனந்தராசா மைக்கை நெருங்கி, குரல் தழுதழுக்கச் சொன்னார்: "அவர் என்னை விட்டிட்டுத்தான் போனவர். நீங்கள் என்னை வித்துப்போட்டியள்."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும்தான்.