கரண்ட் போகாத ஊர்க்காரர் நடத்திய வீடியோ பாடம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் வீடியோ காட்டிப் பாடம் நடத்துவது எப்படி என்று இளம் ஆசிரியர்கள் கேட்டால், கைதட்டல் வாங்கிய நாட்களைச் சொல்ல மாட்டேன். டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் மானம் போகப் பார்த்த நாளைத்தான் சொல்வேன். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வாட்டிக்கொண்டிருந்த வருடம் அது.

1. தேடல்

அந்தப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை கலைச்செல்வி. அந்த ஊர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். ஒரு பயிற்சி முகாமில் என் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து பேசினார். அவர் வகுப்பில் வீடியோ காட்ட ஆசைப்படுகிறார், தலைமை ஆசிரியை விடமாட்டேன் என்கிறார். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கும்போது படம் காட்டிப் பொழுது போக்குவதா என்பது அந்தம்மாவின் கேள்வி. கடைசியில் ஒரே ஒரு பீரியட் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவில் அவரே பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பதில் வந்தால் வருடம் முழுக்க வாரம் ஒரு வீடியோ வகுப்பு. வராவிட்டால் ப்ரொஜெக்டர் பீரோவுக்குள் போய்விடும், அறிவியல் பீரியடில் ஒரு மார்க் டெஸ்ட்தான்.

"முதல் தடவை நீங்க வந்து எடுங்க சார். எனக்குக் கை நடுங்கும்" என்றார் கலைச்செல்வி. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. வருகிறேன் என்றேன்.

பாடம் இதயம். குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து இணையத்தில் 'இதயம்' என்று தமிழில் தட்டினேன். வந்ததெல்லாம் காதல் பாட்டு. இங்கிலீஷில் தட்டினாலும் அதே கதை. சமையலறையிலிருந்து என் மனைவி, "பாடம் எடுக்கப் போறீங்களா, பாட்டுக் கச்சேரி வைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். வால்வு, ரத்த ஓட்டம் என்று பாடப்புத்தகத்து வார்த்தைகளைச் சேர்த்துத் தட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது. முப்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். நான்கு நிமிடத்தில் ஒன்று, வால்வு திறந்து மூடுவதை அவ்வளவு தெளிவாகக் காட்டியது. பேசுவது வெள்ளைக்காரர், ரயில் வேகத்தில். போகட்டும் என்று டவுன்லோட் செய்து, லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக ஒரு திருப்தி.

2. பதினோரு மணி

பத்தே முக்காலுக்கு வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை, மடியில் நோட்டு. நான் சும்மா பாடத்தை ஆரம்பித்திருக்கலாம். தொழில்நுட்பம் கல்வியை எப்படி மாற்றுகிறது என்று கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். பிறகு பந்தாவாக வீடியோவைத் தட்டினேன். திரையில் இதயம் ஒரு முறை துடித்தது. ஃபேன் நின்றது, ப்ரொஜெக்டர் அணைந்தது, என் லேப்டாப்பும் அணைந்தது.

டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது. ஊரே மின்சாரம் செய்கிற ஊர். எங்கள் பிளாக்கில் மெழுகுவத்தி வாங்கினால் பிறந்தநாளுக்கு என்றுதான் அர்த்தம். என் லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிளக்கிலேயே கிடக்கிற சாமானுக்குப் பேட்டரி எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த வகுப்பு ஜன்னலில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

பிள்ளைகள் யாரும் திகைக்கவில்லை. நான் மட்டும்தான் ஸ்விட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். கலைச்செல்வி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பதினோரு மணிக்குப் போனா ஒரு மணிக்குத்தான் சார் வரும். தெனம் இதான். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினு இருந்துட்டேன்."

கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை நோட்டை மூடினார். கலைச்செல்வியின் முகம் சுண்டிவிட்டது. என் சொற்பொழிவால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே பீரியட் போய்விட்டது.

திடீரென்று கலைச்செல்வி, "பென் டிரைவ் குடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு ப்ளஸ் டூ வகுப்புக்கு ஓடினார். அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது. கம்ப்யூட்டர் லேபில் கரண்ட் நிற்காததால் ப்ராக்டிகல் இருக்கிற நாளில் வீட்டிலிருந்து எடுத்துவருவார்களாம். அன்று ப்ராக்டிகல். ஏழு லேப்டாப் வந்தது, எல்லாவற்றிலும் வீடியோவை ஏற்றியிருந்தார். ஏழிலும் சார்ஜ் முழுசாக இருந்தது. கரண்ட் எப்போது போகும் என்று தெரிந்த வீடுகளில் அது வந்தவுடன் சார்ஜ் போட்டுவிடுகிறார்கள்.

ஆறு ஆறு பேராக உட்கார்ந்தார்கள். ஏழு வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு ஒரு இடத்திலிருந்து பேச ஆரம்பித்ததும் சந்தைக் கடை ஆகிவிட்டது. எல்லாச் சத்தத்தையும் அணைக்கச் சொல்லிவிட்டு, நானும் கலைச்செல்வியும் குழு குழுவாகப் போய்த் தமிழில் சொன்னோம். வால்வு மூடுகிற இடம் புரியவில்லை என்றால் அவர்களே நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குழு அந்த இடத்தை மட்டும் ஐந்து தடவை பார்த்தது. பெரிய திரையில் நான் காட்டியிருந்தால் ஒரு தடவை ஓடி முடிந்திருக்கும், அவர்களும் புரிந்தது என்று தலையாட்டியிருப்பார்கள்.

3. கேள்வி

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். புத்தகத்தில் இருக்கும் கேள்வியைக் கேட்பார் என்று நினைத்தேன். "வால்வு சரியா மூடலன்னா என்ன ஆவும்?" என்று கேட்டார். அது புத்தகத்தில் இல்லை, வீடியோவிலும் இல்லை.

பவித்ரா என்று ஒரு பெண் எழுந்தாள். வீடியோவை ஐந்து தடவை பின்னால் ஓட்டிய குழு.

"ரத்தம் வந்த வழியே திரும்பிப் பூடும் மேடம். எங்க மோட்டார்ல, கெணத்துக்குள்ள பைப்பு அடியில இருக்கற ஃபுட் வால்வு லீக்கா இருக்குது. கரண்ட் போனா பைப்புல இருக்கற தண்ணியெல்லாம் கெணத்துக்கே எறங்கிடும். மறுபடி கரண்ட் வந்தா ஒடனே தண்ணி ஏறாது, அப்பா தண்ணி ஊத்தி ஊத்திதான் போடுவாரு. அதே மாரி இதயமும் சும்மா அடிச்சிகினே கெடக்கும், ரத்தம் போய்ச் சேராது."

இருபத்தெட்டு வருடம் இதயம் நடத்தியிருக்கிறேன். இந்த உதாரணம் எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தேன்.

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டு கலைச்செல்வியிடம் சொன்னார்.

"அடுத்த வாரம் கிட்னி. வீடியோ தேடி வையி. பீரியட பதினோரு மணிக்கு முன்னாடி மாத்தித் தர்றேன். சாருக்கு எதுக்கு அலைச்சல், நீயே எடு."

என்னை வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் அவ்வளவு நிம்மதி அடைந்தது அன்றுதான். கலைச்செல்வி வாசல் வரை வந்து வழியனுப்பினார். கை நடுங்குகிறதா என்று கேட்டேன். விரலை நீட்டிக் காட்டினார், நடுங்கவில்லை.

அதன் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் வீடியோ தேடுவதற்கு முன்னால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று கேட்டுக்கொள்வேன். இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். நல்ல வீடியோ கிடைத்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். அதைப் பார்க்கப்போகிற பிள்ளைகளின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். அன்று அதை விசாரிக்காமல் போன வாத்தியாரைக் காப்பாற்றியது ஒழுகுகிற ஒரு ஃபுட் வால்வு.