காலி இடத்தையும் சேர்த்து

அருள்ராஜ் எந்த வேலையையாவது நகல் எடுக்காமல் தொடங்கியிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. போன வியாழக்கிழமை சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றபோது கல்லூரி அலுவலக உதவியாளர் அழைத்து, "மேடம், நம்ம லேப் அருள் சார் போயிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றார். எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கேள்விதான்.

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர். வேலை மெதுவாகத்தான் நடக்கும். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஒருமுறையாவது அவரைத் திட்டியிருப்பீர்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், கடலூர் முதுநகரில் மீன் விற்கும் பெண்களிடம் பேசிப் பதிவு செய்த பதினேழு ஒலிக்கோப்புகளை, இடம் காலி செய்வதாக நினைத்து மடிக்கணினியிலிருந்து நானே அழித்துவிட்டேன். வேறு பிரதி இல்லை. என் ஆய்வு நூல் முழுக்க அவற்றை நம்பித்தான் இருந்தது. பதற்றத்தில் ஆய்வகத்துக்கு ஓடி, அவர் எதிரிலேயே ஏதோ ஒரு மீட்பு மென்பொருளை இறக்கப் போனேன்.

"கைய எடுங்க மேடம்! அதே டிரைவ்ல எறக்குனா உங்க ஃபைல் மேலயே போயி குந்திக்கும்."

டிரைவ் முழுவதையும் சுருக்கி ஒரே கோப்பாகத் தன் வெளி வட்டில் (ஹார்ட் டிஸ்க்) நகல் எடுக்க ஆரம்பித்தார். சுருக்காவிட்டால் அந்த வட்டு கொள்ளாது.

"காலி இடத்தை விட்டுட்டா சீக்கிரம் முடியுமே?"

"முடியும். நீங்க அழிச்சது அந்தக் காலி எடத்துலதான கெடக்கு? நாலு மணி நேரம் ஆவும். போயி டீ குடிங்க."

"இவ்வளவு பயமா உங்களுக்கு?"

"பயமில்ல மேடம். என் கையப் பத்தி எனக்குத் தெரியும்."

மாலையில் எனக்கும் தெரிந்தது. மீட்ட கோப்புகளை அதே டிரைவில் சேமித்து, மிச்சத்தைக் கெடுத்துவிட்டார். அவர் சிரித்தார். "பாத்தீங்களா? இதுக்குத்தான்!" நகலை விரித்து, டிரைவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி தொடங்கினார். பதினாறு கிடைத்தன. நூல் வந்துவிட்டது. பதினேழாவதை நான் மறந்தேன், அவர் மறக்கவில்லை.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி ரெஜினா அந்த வட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே அவர் கையெழுத்து: 'மேடம் டிரைவ். அழிக்கக் கூடாது.'

"ஞாயித்துக்கெழமையானா இதத்தான் நோண்டிக்கினு இருப்பாரு டீச்சர். ஊட்ல ஒரு பல்பு மாத்த ஆளு கெடையாது" என்று அழுகைக்கு நடுவே சிரித்தார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த வட்டு ஒன்றுதான்.

மறுநாள் ஆய்வகத்தில் அதைச் செருகினேன். தேடத் தொடங்கும் முன் அதிலிருந்த கோப்புக்கு இன்னொரு நகல் எடுத்தேன். இரண்டு டீ ஆனது. பதினேழாவது கிடைக்கவில்லை.