பெண் கேட்க மலை ஏறினேன்

திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் எங்கள் ஹோட்டலுக்கு வரும் கம்பெனிப் பிள்ளைகள் இப்போது தோசையைவிட நேபாளத்தைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். "அண்ணா, எந்த ஷூ வாங்கணும்? குளிர் தாங்க முடியுமா?" தோசைக் கல் காய்ந்துகொண்டிருக்கும்போது எவ்வளவு பேச முடியும்? அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. மலைக்குப் போனதும் ஒரே ஒரு தடவை. அதுவும் சுற்றிப் பார்க்க இல்லை. ஒருத்தனுக்குப் பெண் கேட்க.

அவன் எங்கள் ஹோட்டலில் நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ் போடுகிறவன். நேபாளத்துக்காரன். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் பல வருஷமாக அவனும் நானும் படுக்கிறோம். அவன் மலையாளம் பேசினால் ஆற்றிங்கல்காரன் என்று நினைப்பீர்கள். என்னை மட்டும் அண்ணாச்சி என்பான். என் ஊர் வள்ளியூர்ப் பக்கம்.

அவன் ஊரில் ஒரு பெண். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. அவள் அப்பாதான் சம்மதிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்கு வெளியூரில்தான் பிழைப்பு. போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதனால் அவர் சொல்லிவிட்டார்: "உன்கூட ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஆளைக் கூட்டிட்டு வா. அவன் வாயால கேட்டாத்தான் பதில்."

கெடுவும் இருந்தது. வைகாசி பிறந்ததும் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு இன்னும் மேலே போய்விடும். அங்கே புல்லுக்குள் மருந்துக்கு ஆகிற ஒரு புழு கிடைக்குமாம். அதைத் தோண்டி விற்றுத்தான் அவர்களுக்கு வருஷம் ஓடுகிறது. அதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே கேட்டு வந்த இன்னொரு வீட்டுக்கு அவர் வாக்குக் கொடுத்துவிடுவார்.

நான் வருகிறேன் என்றேன். முதலாளி கேட்டார், "ரெண்டு பேரும் போயா கட பூட்டணோ?" கேட்டதோடு சரி. அவரே ஆள் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் விடவில்லை. மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் கூடுதலா லீவு கிடைக்கல. இப்ப நேபாளம் வரைக்கும் போறீங்களோ?"

"அவனுக்கு வேற ஆளு இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கோ?"

ஆனாலும் நாகர்கோவில் பஸ்ஸில் ஒரு டப்பா முறுக்கும், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் கொடுத்து விட்டாள்.

இனி போகிறவர்களுக்கு.

கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து எல்லை வரை பஸ். எல்லையில் ஒரு நுழைவு வளைவு இருக்கும். நடந்தே உள்ளே போகலாம். வோட்டர் ஐடி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் மட்டும் போதாது. பெரிய நோட்டை நீட்டினால் கடைக்காரன் முகம் சுளிப்பான். நூறாக வைத்திருந்தால் தொல்லை இல்லை. நம்ம சிம் வேலை செய்யாது. அங்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதுவும் கொஞ்சம் மேலே போனதும் செத்துவிடும். வீட்டில் முதலிலேயே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் கேட்டது இங்கே எழுதக்கூடியதில்லை.

மலைப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள். பயம் இல்லாதவர்கள் உட்காரலாம். நான் உட்கார்ந்தேன். கீழே பார்த்தால் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ரோடு தெரியவில்லை, ஆறுதான் தெரிந்தது. அவன் தோளில் சாய்ந்து தூங்கினான். டிரைவர் பாட்டுக்குத் தாளம் போட்டார். நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஷூ. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் புதுசாக வாங்கி, அப்படியே மாட்டிக்கொண்டு போனேன். முட்டாள்தனம். முதல் நாள் ஏற்றத்திலேயே குதிகாலில் கொப்புளம். வாங்கினால் ஒரு மாதமாவது மாட்டி நடந்துவிட்டுப் போங்கள். இங்கிருந்து ஆக்குளம் வரை தினம் நடந்தால் போதும். இறங்கும்போது விரல் முன்னால் முட்டும். அதனால் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும்.

ரோடு ஒரு கடைத்தெருவில் முடிந்தது. அதற்கு மேலே நடைதான். அவன் ஊருக்கு இரண்டு நாள் ஏற்றம். நான் வேகமாக நடந்தேன். தோசைக் கல் முன்னால் நிற்கிற கால், நடக்காதா என்று நினைப்பு.

"அண்ணாச்சி, பதுக்கெ. பதுக்கெ." மலையாளத்தில் மெதுவாக என்று அர்த்தம்.

"பொண்ணு வீட்டுக்காரரு மலைக்குப் போயிருவாரு. நீ என்னடா அசைஞ்சு அசைஞ்சு வாற?"

"மலை எங்கயும் போகாது அண்ணாச்சி. நம்மதான் போயிருவோம்."

அவன் சொன்னதுதான் சரி. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் நீங்களும் நில்லுங்கள். கோவேறு கழுதைகள் மணி அடித்துக்கொண்டு வரும். அப்போது மலைப் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் இல்லை. மூட்டை இடித்தால் கழுதை திரும்பிப் பார்க்காது. தொங்கு பாலத்தில் அது வந்துகொண்டிருந்தால் இந்தப் பக்கமே காத்திருங்கள்.

சாயங்காலம் ஒரு வீட்டில் தங்கினோம். வழிப்போக்கருக்குச் சோறும் கட்டிலும் கொடுக்கிற வீடு. அங்கெல்லாம் படுக்கிற வீட்டில்தான் சாப்பிட வேண்டும். கட்டில் இங்கே, சாப்பாடு அடுத்த வீட்டில் என்றால் கோபம் வரும். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு. தீரத் தீர வைப்பார்கள். அடுப்பங்கரைக்குள் கேட்காமல் போகக்கூடாது. சமையல்காரன் புத்தி, நான் போய்விட்டேன். கையில் இருந்த முறுக்குக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். அந்த வீட்டு அம்மா கரண்டியோடு வந்தார். அடுப்பு அவர்களுக்குச் சாமி மாதிரி. குப்பை போடக்கூடாது. அவன் என் சார்பாகக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். முறுக்கு ஏற்கெனவே பொடிந்து போயிருந்தது. பொடியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். பருப்பில் தூவிக்கொண்டார்.

படுக்கும்போது போனைச் சட்டைக்குள் வையுங்கள். குளிரில் பேட்டரி தானாகவே இறங்கிவிடும்.

காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. தெற்கே இருந்து போகிறவர்கள்தான் இதைச் செய்வார்கள். குளிக்காமல் நான் அடுப்பு முன்னால் நின்றதில்லை. பெண் கேட்கப் போகிற நாளில் குளிக்காமல் போவதா? தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். வரவில்லை. மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது. குச்சியால் தோண்டித் தலையில் தேய்த்தேன். வெளியே தொட்டியில் மேலே ஐஸ் ஏடு. அதைச் செம்பால் உடைத்து மொண்டு தலையில் ஊற்றினேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அந்த வீட்டு அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். என் தலையிலிருந்து ஆவி போனதாம். எண்ணெய் தலைமுடியில் கட்டி கட்டியாக நின்றது.

அவன் வெளியே வந்து பார்த்தான்.

"எந்தா அண்ணாச்சி காணிச்சது? என்ன செஞ்சிட்டீங்க? இங்க யாரும் பனி போற வரைக்கும் குளிக்க மாட்டாங்க."

"உன் மாமனார் மூக்கு வச்சிருக்காருல்லா?"

"அவரும் குளிக்க மாட்டாரு."

ஈரத் தலையோடு அன்றும் வேகமாக ஏறினேன். பத்து மணி வாக்கில் தலை வலித்தது. கொஞ்ச நேரத்தில் தலைக்குள் யாரோ இஞ்சி இடிக்கிற மாதிரி. டீ குடித்தேன், வாந்தி எடுத்தேன். கால் நேராகப் போகவில்லை. குளித்ததாலா, வேகமாக ஏறியதாலா, தெரியாது. இரண்டும் செய்தேன். அவர்கள் அதை லேக் என்கிறார்கள். உயரத்தில் வருகிற நோய். ஆளையே கொன்றுவிடுமாம்.

எதிரே மேட்டில் அவன் ஊர்க் கூரைகள் தெரிந்தன. புகைகூடத் தெரிந்தது. மறுநாள் காலையில் அவள் அப்பா கிளம்புகிறார்.

"இந்தா தெரியுதுல்லா. ஏறிருவோம்" என்றேன்.

அவன் ஒரு கல்லில் உட்கார்ந்தான். ஊரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து என் பையையும் தோளில் போட்டுக்கொண்டு கீழ்ப்பக்கம் திரும்பினான்.

"எங்கடா போற?"

"இறங்கணும். லேக் வந்தா இறங்கணும். வேற மருந்து இல்ல."

"உன் கல்யாணம்?"

"பொண்ணு வேற பாக்கலாம் அண்ணாச்சி. அண்ணாச்சிய வேற எங்க போய்ப் பாக்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லிவிட்டு ஊர்ப் பக்கம் திரும்பாமல் இறங்கினான்.

போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் வாதாட வேண்டாம். இன்னும் கொஞ்சம்தான் என்று ஏற வேண்டாம். இறங்குங்கள்.

வழியில் ஒரு கழுதைக்காரர் மேலே போய்க்கொண்டிருந்தார். அவன் அவரிடம் சொல்லியனுப்பினான்: கூட வந்தவருக்கு உடம்பு சரியில்லை, கீழே போகிறேன், வர முடியவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இறங்க இறங்க வலி குறைந்தது. கடைத்தெருவுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எனக்குப் பசித்தது. அங்கே நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு அவன் அடுப்பில் அரிசியைக் குழைய வைத்துக் கஞ்சி போட்டுத் தந்தான். தான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை எனக்கு நோய் இருந்த அடையாளமே இல்லை. அவன் வாசலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்நேரம் அவர் கிளம்பியிருப்பார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மத்தியானம் தாண்டி நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது தட்டு. வெளியே சத்தம். ஒரு கட்டையான பெரியவர், கூட நாலு ஆட்கள். இரண்டு மூங்கில், கயிறு, ஒரு வெள்ளைத் துணி. அவன் எழுந்து நின்றவன் அப்படியே நின்றான். அவள் அப்பா.

கழுதைக்காரர் சொன்னது ஒரு டீக்கடையில் கைமாறி, அங்கிருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போய், ஊர் சேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது: மதராசி செத்துட்டான், பையன் பிணத்தோடு தனியாக நிற்கிறான். மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு விடியுமுன்னே தூக்கிப் போட ஆள் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

"பிணம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அவன் என்னைக் காட்டினான். என் வாயில் உருளைக்கிழங்கு.

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு ஆட்களும் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்தார். வந்தது வந்தாயிற்று, கேட்டுவிடலாம் என்றார்.

அவன் மொழிபெயர்க்க முன்னால் வந்தான். அவர் கையை நீட்டி வாசலைக் காட்டினார். பெண் கேட்கிறவனே துபாஷியாக இருக்கக்கூடாது. அவன் வெளியே போனான். வீட்டுக்காரம்மாவுக்கு இந்தி தெரியும். எனக்கும் கடையில் வங்காளிப் பையன்களிடம் கற்ற இந்தி உண்டு. வெங்காயம், தண்ணீர், சீக்கிரம், அந்த அளவு.

முதல் கேள்வி. "அங்கே அவனுக்கு வேற குடும்பம் உண்டா?"

"இல்ல."

"உறுதியா?"

"ஒரே ரூம். தெரியாம இருக்காது."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். இரண்டாவது கேள்வி. "குடிப்பானா?"

ஜன்னலுக்கு வெளியே அவன் நின்றான். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். கையையும் ஆட்டினான்.

நான் தண்ணீர் குடித்தேன்.

"குடிப்பான்" என்றேன்.

ஜன்னலில் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தினமுமா?"

"லீவு நாள்ல. குடிச்சா சண்டை போட மாட்டான். பாடுவான். அதுதான் தாங்க முடியாது."

வீட்டுக்காரம்மா இதைச் சொல்லி முடிக்கப் பட்ட பாடு. பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எப்படியோ சொன்னார்.

பெரியவர் அப்போதுதான் சிரித்தார். பல் இரண்டு இல்லை. அவர் சொன்னதை அந்த அம்மா எனக்குச் சொன்னார்: "இதுக்கு முன்னாடி இன்னொரு வீட்டுக்காரங்க வந்தாங்க. அவங்க பையன் குடிக்க மாட்டான், சிகரெட் இல்ல, கோபமே வராதுன்னு சொன்னாங்க. அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. இவர் குடிப்பான்னு சொல்றாரு. அப்ப முதல்ல சொன்னதும் நிஜமாத்தான் இருக்கும்."

அவனை உள்ளே கூப்பிட்டார். என்னவோ கடுமையாகக் கேட்டார். அவன் குனிந்து நின்றான். பிறகு அவர் காலைத் தொட்டான். நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சினான்.

"என்னடா சொன்னாரு?"

"ஐப்பசிக்குப் பிறகு கல்யாணம். இப்ப கூட வந்து புழு தோண்டணுமாம். என்னால ஒரு நாள் வேலை போச்சாம்."

"போ."

"அண்ணாச்சி தனியா எப்படிப் போவீங்க?"

"வந்த வழி இருக்குல்லா."

அவன் என்னை முறைத்தான். "குடிப்பான்னு சொல்லிட்டீங்களே. பாட்டைப் பத்தியும் சொல்லணுமா?"

"கேட்டாரு."

"பாட்டைக் கேக்கல!"

அன்று எல்லோரும் அங்கேயே தங்கினார்கள். காலையில் கிளம்பினார்கள். வெள்ளைத் துணியை வீணாக்காமல் அதில் கடைத்தெருவில் வாங்கிய அரிசியையும் உப்பையும் கட்டினார்கள். மூட்டையைத் தூக்க நாலு பேர் இருந்தும் பெரியவர் கண்ணால் அவனைக் காட்டினார். அவன் மூட்டைக் கயிற்றின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு முதுகில் ஏற்றினான். ஏற்றத்தில் முதல் ஆளாகப் போனான். பதுக்கெ போடா என்று சத்தம் போட்டேன். அவன் காதில் விழவில்லை.