பெம்புரோக்ஷயரில் எந்தப் பக்கம்?

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு பெம்புரோக்ஷயர் என்றொரு மாவட்டம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் அதன் கோட்டைகளை மேற்கிலிருந்து கிழக்காக ஒரே மூச்சில் ஒப்புவிப்பேன். எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் விபோர்க்கில், ஒரு மாலை வகுப்பில் வந்து ஒட்டிக்கொண்ட வியாதி அது.

நான் ஆசிரியையாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த ஆசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். டெனிஷ் பரீட்சை ஒருவழியாகப் பாஸாகிவிட்டது. செமினாரியத்தில், அதாவது ஆசிரியர் கல்லூரியில், சேர ஆங்கிலம் மட்டுமே பாக்கி. தவறினால் கணவர் வேலை செய்யும் கோழித் தொழிற்சாலையில்தான் நானும் நிற்க வேண்டும். அந்த வேலையை இளப்பமாகச் சொல்லவில்லை, எங்கள் அடுப்பு அதில்தான் எரிந்தது. ஆனாலும் எனக்கு அது வேண்டாம்.

ஆங்கில ரீச்சர் விடுமுறைக்குப் பெம்புரோக்ஷயர் போய்வந்து, அதன்மேல் பைத்தியமாகிவிட்டிருந்தார். அதனால் அந்த வசந்தகாலம் முழுக்க எங்களுக்கும் அதுவே பாடம். முதல்நாள் அவர் அந்த மாவட்டத்தின் வரைபடத்தை மேசையில் விரித்தபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரனின் ஆறுகளையும் துறைமுகங்களையும் உருப்போட்டது காணாதா? பனிக்குள் வந்து கிடந்தும் அவனுடைய மாவட்டங்களைத்தான் படிக்க வேண்டுமா?

படத்தை உற்றுப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியது. மூன்று பக்கமும் கடல். எங்கள் குடாநாட்டுக்காரருக்கு அதற்குமேல் சிபாரிசு தேவையில்லை. வடக்கே மலை, கற்பலகை வெட்டிய குழிகள், வேல்ஸ் பாஷை. தெற்கே தாழ்ந்த நிலம், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், ஆங்கிலப் பேச்சு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. படத்தில் இல்லாத கோடு, ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். அதை ஒட்டித்தான் என் கோட்டைகள் நின்றன. தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கில அரசன், அங்கிருந்த சனங்களை ஒதுக்கிவிட்டு, இன்றைய பெல்ஜியப் பக்கமிருந்து கடல் கடந்து வந்த ஃபிளமிஷ் மக்களைத் தெற்கே குடியேற்றினான். அவர்களுடைய பாஷை இப்போது அங்கே யார் வாயிலும் இல்லை.

கரையோரத் தீவுகள் சிலவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் வடக்கேயிருந்து போன கடலோடிகள் என்று ரீச்சர் சொன்னதும், வகுப்பிலிருந்த டெனிஷ்காரர் எல்லாரும் தாங்களே வள்ளம் வலித்துப் போனதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு செய்தி. எங்கள் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அரசாங்கம் அந்த மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டங்கள் இரண்டோடு சேர்த்து, பெயரையே படத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது. சனங்களோ பழைய பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு தொண்ணூறுகளில் அந்தப் பெயர் திரும்பிவந்தபோது, என் சொந்தக்காரருக்கு விசா கிடைத்த மாதிரிச் சந்தோஷப்பட்டேன்.

பரீட்சைக்கு நான் படித்தது யாழ்ப்பாண முறையில். குசினிக்குள் மேலும் கீழும் நடந்து சத்தமாகப் பாடமாக்கினேன். கணவர் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"இஞ்சேரும், ரெண்டாவது கோட்டையை விட்டிட்டீர்."

"எனக்குத் தெரியும். வெங்காயத்தைப் பாருங்கோ."

பரீட்சை அறையில் பச்சைத் துணி விரித்த மேசை. அதில் கோப்பிப் போத்தல், கோப்பைகள். ரீச்சருக்குப் பக்கத்தில், வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர். என்னைவிட இளையவள், காலில் மரச் செருப்பு. உட்காரச் சொன்னார்கள். பரீட்சகருக்கு முன்னால் உட்காருவதா? எழுந்து நின்று, கையைக் கட்டி, வெளுத்து வாங்கினேன். மலை, கல், கோட்டை, அரசன், குடியேற்றம், கிழங்கு. ரீச்சர் மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

பரீட்சகர் கையை உயர்த்தினாள். "இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நானும் வாசித்தேன். நீ அங்கே போய்க் குடியிருப்பதென்றால் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருப்பாய்? ஏன்?"

சரியான விடை எது? புத்தகத்தின் எந்தப் பக்கத்தில்? ரீச்சரின் முகத்தில் தேடினேன், அங்கேயும் இல்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று எந்தப் பரீட்சையிலும் யாரும் கேட்டதில்லை. என்னைக் கவிழ்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். செமினாரியம் கையைவிட்டுப் போவது கண்முன்னே தெரிந்தது. பயத்தில் தொடங்கியது கோபமாக மாறிற்று.

"எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்காதே," என்றேன் ஆங்கிலத்தில். "கோடுகளைக் கண்டுதான் ஓடிவந்தேன்."

சொல்லிவிட்டுத் தொப்பென்று கதிரையில் உட்கார்ந்தேன். அதற்குப்பின் வாய் தானாக ஓடியது. வீடு பறிபோன வேல்ஸ்காரி, தன் வளவில் ஃபிளமிஷ்காரி அடுப்பு மூட்டுவதைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? ஃபிளமிஷ்காரி உப்பு முடிந்த அன்று யாரிடம், எந்தப் பாஷையில் கேட்டிருப்பாள்? புத்தகத்தில் அரசனும் கோட்டையும் இருக்கிறதே, இந்த இரண்டு பெண்களும் எங்கே? என் மூன்று வயது மகள், நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிறாள். ஃபிளமிஷ் பாஷை எப்படிப் போயிருக்கும் என்று அதனால் எனக்குத் தெரியும், அதை நினைக்கப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். ஆனால் அரசாங்கம் அழித்த பெயரைச் சனங்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதைப் படித்த பிறகு பயம் பாதிதான் என்றேன். எங்கே இருப்பேன் என்றால், ஆசிரியையாக இருப்பேன், கோட்டுக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வரும் பள்ளிக்கூடத்தில்.

பரீட்சகர் எனக்குக் கோப்பி ஊற்றினாள். பிறகு என்னை வெளியே நிறுத்தி, உள்ளே இரண்டு பேரும் கதைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டார்கள். பாஸ், அதுவும் நல்ல புள்ளி. ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நின்றுகொண்டு சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் உன்னைப் பெயிலாக்கியிருப்போம்," என்றார். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

வாசலில் கணவர் மகளோடு நின்றார். டெனிஷ்காரர் எந்தச் சந்தோஷத்துக்கும் கொடி பிடிப்பார்கள் என்று அவளுக்கும் ஒரு கடதாசிக் கொடி வாங்கிக் கொடுத்திருந்தார். என் முகத்தைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"கோட்டை எல்லாம் ஒழுங்காச் சொன்னீரோ?"

"சொன்னன். அவை அதைக் கணக்கிலையே எடுக்கேல்லை."

"பின்னை என்னத்தைக் கேட்டவை?"

"நான் என்ன நினைக்கிறன் எண்டு."

அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார். கலியாணம் முடித்து ஐந்து வருடமாகியிருந்தது எங்களுக்கு. சந்தியில் பச்சை விளக்குக்காக நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"சரி, சொல்லும். நீர் என்ன நினைக்கிறீர்?"

விளக்கு பச்சையாகி, திரும்பவும் சிவப்பாகியது. நான் சொல்லிக்கொண்டே நின்றேன்.