பழைய பேப்பரில் மடித்த மாத்திரை

எனக்கு எழுத்து கோணல். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்பின் மாற்றிச் சொல்வேன், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற நான் இதை எழுத உட்கார்ந்தது என் ஓரகத்திக்காக, அதாவது என் கொழுந்தனார் பெண்டாட்டிக்காக. நான் தின்ற அதே மாத்திரையை அவளும் தின்கிறாள். கடையைக் காட்டிக் கொடுத்தவள் நான்தான்.

சிலமலையிலிருந்து விடிய ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போவோம். ஏலம் கையெட்டும் உயரத்தில் காய்க்காது. தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கச் சரிவில் குந்தியபடியே நகர வேண்டும். என் முழங்கால் அதில்தான் போயிற்று. போடியில் ஒரு மருந்துக்கடையில் "செட்டு" என்று கேட்டால், பேரில்லாத நாலைந்து மாத்திரைகளைப் பழைய பேப்பரில் மடித்துத் தருவார்கள். என்ன மாத்திரை என்று நாங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. முதல் செட்டிலேயே வலி ஓடிவிட்டது. ஓரகத்திக்குப் பெருமையாகக் கடையைச் சொன்னேன்.

சில மாதங்களில் என் முகம் உருண்டது. "என்னக்கா, மக வீட்ல தெனமும் கறிச்சோறா? கன்னம் ரெண்டும் பணியாரமாட்டம் உப்பிருக்கு" என்று ஜீப்பில் ஓரகத்தி சிரித்தாள். உடம்பு தேறிவிட்டதென்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

அப்புறம் பசி. மத்தியானச் சோற்றை ஜீப்பிலேயே தின்றுவிட்டு, அடுத்தவள் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு மட்டும் பானை. கையும் காலும் குச்சி. வயிற்றில் அட்டை ஊர்ந்தது போல ஊதாக் கோடுகள். கூடை உரசினாலே தோல் கிழிந்தது. மடிப்புகளில் புண் வந்து நாறியது. மேல் உதட்டில் மயிர். என் உடம்பைத் தொட்டுக் குளிக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

மகள் தேனிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார். அதில் ஒன்று ஸ்டீராய்டாம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி, தினமும் சுரக்கிற ஹார்மோனைப் போலவே செய்த மருந்து. சில ஹார்மோன்கள் செல்லுக்கு வெளியே நின்று சேதி சொல்லிவிட்டுப் போய்விடும். இது கொழுப்பு இனம்; செல்லின் தோலைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். உள்ளே இதற்கென்றே ஏற்பி என்று ஒன்று காத்திருக்கிறதாம். அதில் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து செல்லின் நடுவுக்கே போய், எதைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போடுமாம். கன்னத்தில் கொழுப்பைச் சேர்த்ததும் அந்த உத்தரவு, தோலைச் சல்லடை ஆக்கியதும் அந்த உத்தரவு.

எவனோ மடித்துக் கொடுத்தது என் உடம்புக்குள் அத்தனை ஆழத்தில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணியிருக்கிறது. அதன்பின் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தோடு அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் சேர்த்துச் சாக்கடையில் கொட்டினேன்.

நாலாம் நாள் ஏலச்செடித் தூரில் வாந்தியெடுத்து விழுந்தேன். கண் இருட்டிவிட்டது. ஜீப்பில் தூக்கிப் போட்டு டாக்டரம்மாவிடமே கொண்டுவந்தார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "வெளியிலிருந்து மருந்து வந்துக்கிட்டே இருந்ததால உங்க சுரப்பி தூங்கிருச்சும்மா. திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

அதனால் தினமும் காலையில் அந்த ஸ்டீராய்டுக் கசப்பையே, அளவு குறைத்துக் குறைத்து, விழுங்குகிறேன். விழுங்கும்போதெல்லாம் ஓங்கரிக்கிறது. சுரப்பி விழித்துவிட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

போன வாரம் ஓரகத்தியிடம் சொன்னேன். அவளுக்கும் கன்னம் உருள ஆரம்பித்துவிட்டது. பாதி கேட்டதுமே, "அய்ய, கருமம். நாளைக்கே எல்லாத்தையும் கொட்டிர்றேன்க்கா" என்றாள். கொட்டாதே, முதலில் டாக்டரிடம் வா என்று கையைப் பிடித்தேன். ஏன் என்றாள். ஏற்பி, சுரப்பி, தூக்கம் என்று என்னென்னவோ உளறினேன். அவள் சிரித்துவிட்டாள். இன்னும் கொட்டவில்லை, டாக்டரிடமும் வரவில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இந்தத் தாளைத்தான் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். விவரம் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்து, ஏற்பியைப் பற்றி நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திக் கொடுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற இடத்தை மட்டும் ரெண்டு தடவை பாருங்கள்.